கிளம்ப மாட்டேன் என்கிற கார்!



போன இதழில் டயருக்குக் காற்றுப் பிடிப்பதைப் பற்றிப் பேசினோம் அல்லவா? "அக்கா, டயர் சமாசாரமெல்லாம் சரி. வண்டியே கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தால் காற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று சில பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இந்த இதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். கையில் ஸ்பேனர் வேண்டாம், புடவையில் எண்ணெய்க் கறை படவும் வேண்டாம். காதும் கண்ணும் ஒரு பழைய நோட்டும் இருந்தால் போதும்.

முதலில் ஒரு கதை. கதை என்ன, போன மாதம் எங்கள் தெருவில் நடந்ததுதான்.

கடைசி வீட்டு மருமகளுக்கு இருபத்தெட்டு வயது. கணவர் மஸ்கட்டில். மாமியாருக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. பனிக் காலம் வந்தாலே அதற்கு நெஞ்சில் இழுப்பு வந்துவிடும். திருவானைக்காவலிலிருந்து தில்லைநகர் டாக்டரிடம் போய்வர அந்தப் பெண் தானே கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் ராத்திரி ஏழரை மணி இருக்கும், தோசைக்கல்லைப் போட்டுவிட்டு நிற்கிறேன், கண்ணெல்லாம் சிவந்து வாசலில் வந்து நிற்கிறாள்.

"அக்கா, இன்னிக்கும் காவிரிப் பாலத்து மேலேயே நின்னுடுச்சு. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், குழந்தை வீல்னு அழுவுது. இனிமே நான் வண்டியைத் தொடவே மாட்டேன்."

உட்கார வைத்து ஒரு டம்ளர் மோர் கொடுத்துக் கேட்டேன். மூன்று தடவை மெக்கானிக்கிடம் போயிருக்கிறாள். முதல் தடவை பிளக் மாற்றினாராம். இரண்டாம் தடவை பாட்டரி. மூன்றாம் தடவை, "பெட்ரோல் பம்பு போயிருக்கும், மாத்திடலாம். ஆனா ஒண்ணும்மா, லேடீஸ் கிளட்ச்சைச் சரியா மிதிக்க மாட்டாங்க, அதனாலயும் ஆஃப் ஆகும்" என்றாராம். அதுவரை பதினோராயிரம் ரூபாய் போயாயிற்று. மஸ்கட்டிலிருந்து போனில், "வண்டியை வித்துடு, ஆட்டோவுல போ" என்று உத்தரவும் வந்தாயிற்று. பணம் போனதைவிட அந்தக் 'கிளட்ச்' பேச்சுத்தான் அவளைச் சுட்டிருந்தது.

நான் கேட்டேன்: "குழந்தைக்குக் காய்ச்சல்னு டாக்டர்கிட்டே போனா என்னென்ன சொல்லுவே?"

"எப்ப ஆரம்பிச்சது, காலையில ஏறுதா ராத்திரி ஏறுதா, பால் குடிக்கிறாளா, இருமல் இருக்கா... எல்லாம் சொல்லுவேன்."

"மெக்கானிக்கிட்டே என்ன சொன்னே?"

கொஞ்சம் யோசித்தாள். "வண்டி நிக்குதுன்னு சொன்னேன்."

"அவ்வளவுதான். 'குழந்தைக்கு உடம்பு சரியில்லை'ன்னு மட்டும் சொன்னா டாக்டரும் ஊசி ஊசியாய்ப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்!"

அந்த ராத்திரி அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைசியில் அவள் வண்டிக்கு என்ன வியாதி என்பதையும் சொல்கிறேன். அதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிட்டால் உங்களுக்கு ஒரு சபாஷ்!

எஞ்சினும் ஓர் அடுப்புத்தான்

காஸ் அடுப்பு எரிய என்ன வேண்டும்? காஸ் வர வேண்டும், காற்று வேண்டும், லைட்டர் பொறி தட்ட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் எரியாது. பர்னர் ஓட்டை அடைத்திருந்தால் எரியும், ஆனால் மஞ்சளாகத் திணறும். பெட்ரோல் கார் எஞ்சினுக்கும் இதே கணக்குத்தான். பெட்ரோல், காற்று, பொறி. இந்த மூன்றும் சரியான அளவில், சரியான நேரத்தில் சேர வேண்டும். இவற்றோடு எஞ்சினை முதலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட ஓர் ஆள் வேண்டும். அதுதான் செல்ஃப் மோட்டார். அதற்குச் சாப்பாடு போடுவது பாட்டரி.

அந்தக் காலத்தில் கார்ப்புரேட்டர் என்ற பாகம் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது. காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவோம். இப்போதைய வண்டிகளில் ஊசி போடுவதுபோல இஞ்செக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. எவ்வளவு, எப்போது என்று கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டிக்குக் கண்ணும் காதுமாக அங்கங்கே சென்சார்கள். முறை மாறினாலும் மூல மந்திரம் மாறவில்லை: பெட்ரோல், காற்று, பொறி.

சாவியைத் திருப்பினால் என்ன சத்தம்?

வண்டி கிளம்பவில்லை என்றால் பதறிப்போய்த் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகாதீர்கள். ஒரு தடவை திருப்பி, காது கொடுத்துக் கேளுங்கள். பாதி வியாதி அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

*'டிக் டிக் டிக்' என்ற சத்தம், அல்லது நோஞ்சான் மாதிரி முக்கி முக்கிச் சுற்றுவது:* பாட்டரியில் சக்தி இல்லை. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டே சாவியைத் திருப்பிப் பாருங்கள். விளக்கு அழுது வடிந்தால் சந்தேகமே இல்லை. அதற்காக உடனே புதுப் பாட்டரி வாங்க ஓடாதீர்கள். பானெட்டைத் திறந்து பாட்டரியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா? கிளிப்பைக் கையால் அசைத்தால் ஆடுகிறதா? அப்படியானால் குறை அங்கேயே இருக்கலாம். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவினால் தீர்ந்தது. கழற்றும்போது முதலில் கறுப்பு முனை, மாட்டும்போது கடைசியில் கறுப்பு முனை. இதை மறக்கக் கூடாது. வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் வோல்ட் மீட்டர் இருக்கும். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ட் காட்டினால் பாட்டரி வயிறு நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். 12.2 என்றால் அரை வயிறு. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பாட்டரியின் மேல் குற்றமில்லை. அதற்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைத்தான் கவனிக்க வேண்டும். "எத்தனை வோல்ட் இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு உங்களிடம் பேசுகிற தோரணையே மாறிவிடும்.

*'டக்' என்று ஒரே ஒரு சத்தம், விளக்கு பிரகாசமாகவே இருக்கிறது:* பாட்டரி சரி. செல்ஃப் மோட்டாரிலோ அதன் சுவிட்சிலோ கோளாறு. இது மெக்கானிக் வேலை.

*ஒரு சத்தமுமே இல்லை, விளக்கெல்லாம் எரிகிறது:* ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கியர் 'பி'யிலோ 'என்'னிலோ இருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் கிளட்ச்சையோ பிரேக்கையோ முழுக்க மிதித்தால்தான் வேலை செய்யும். சாவிக்குள் இருக்கிற சின்ன வட்டப் பாட்டரி தீர்ந்திருந்தாலும் வண்டி உங்களை அடையாளம் கண்டுகொள்ளாது. பல வண்டிகளில் அந்தச் சாவியைப் பட்டன்மேல் ஒட்டி வைத்து அழுத்தினால் கிளம்பிவிடும். புத்தகத்தில் அந்தப் பக்கத்தை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

*கரகரவென்று நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் 'பிடிக்க' மாட்டேன் என்கிறது:* பாட்டரிக்கும் செல்ஃபுக்கும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அவை தம் வேலையைச் செய்கின்றன. இங்கே கோளாறு பெட்ரோலிலோ பொறியிலோதான். சாவியை ஸ்டார்ட் வரைக்கும் கொண்டு போகாமல், விளக்குகள் எரிகிற இடத்தில் நிறுத்துங்கள். ரேடியோ, ஏ.சி. எல்லாம் அணைத்திருக்கட்டும். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு வினாடி 'ஙொய்ங்' என்று மெல்லிய உறுமல் கேட்கிறதா? அதுதான் பெட்ரோல் பம்பு. கேட்டால் பம்பு உயிரோடு இருக்கிறது. கேட்கவில்லை என்றால் முதலில் அதன் ஃபியூஸைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன ஃபியூஸ் போனதற்குப் பெரிய பம்பை மாற்றிய கதைகள் உண்டு.

*கிளம்பி ஒரு வினாடியில் அணைந்துவிடுகிறது:* டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னுகிறதா பாருங்கள். மின்னினால் வண்டி அந்தச் சாவியை 'யாரோ திருடன்' என்று நினைக்கிறது. இன்னொரு சாவி இருந்தால் போட்டுப் பாருங்கள்.

செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். நடுவில் அரை நிமிஷமாவது ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் இருந்த பாட்டரியும் படுத்துவிடும், செல்ஃப் மோட்டாரும் சூடாகிக் கெட்டுவிடும். பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தால் நிறுத்திவிடுங்கள். கீழே ஒழுகுகிறதா என்று பார்க்காமல் மறுபடி முயலக் கூடாது.

ஓடும்போது திணறினால்?

கிளம்புகிறது, ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் யோசித்து யோசித்து நகர்கிறது. அல்லது சிக்னலில் நிறுத்தினால் அணைந்துபோகிறது. எப்போது திணறுகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

*சிக்னலில் நிற்கும்போது, அல்லது ஏ.சி. போட்டதும் அணைகிறது, மிதித்து ஓட்டினால் சரியாக இருக்கிறது:* எஞ்சினுக்குள் காற்று போகிற வாசலில், அதாவது த்ராட்டில் பாடியில், கரி அடைத்திருக்கலாம். பர்னர் ஓட்டை அடைத்த கதைதான். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 'உஸ்' என்று பாம்பு சீறுகிற மாதிரிச் சத்தமும் சேர்ந்து வந்தால், ஏதோ ஒரு ரப்பர்க் குழாய் விண்டிருக்கிறது. கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது.

*மேடு ஏறும்போதும், அழுத்தி மிதிக்கும்போதும் இழுவை இல்லை:* ஏர் ஃபில்டர் மாவுச் சல்லடை மாதிரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அநேக வண்டிகளில் இரண்டு மூன்று கிளிப்பை எடுத்தால் கையோடு வந்துவிடும். எலி கூடு கட்டி வைத்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். ஃபில்டர் சுத்தமாக இருந்தால், அடுத்த சந்தேகம் பெட்ரோல் ஃபில்டரும் பம்பும். எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிகிற நிலையிலேயே ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: டாங்கிக்குள் இருக்கிற பம்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். கால் டாங்கியாவது இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

*வண்டி முழுக்கக் குலுங்குகிறது, 'லொடக் லொடக்' என்று நொண்டுகிறது:* நாலு சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. பிளக், அதற்கு மின்சாரம் கொடுக்கிற காயில், இஞ்செக்டர் மூன்றில் ஒன்று. இதில் பணத்தை மிச்சம் பண்ண ஒரு சுலபமான வழி இருக்கிறது. சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கிற வண்டியானால், சந்தேகப்படுகிற காயிலைக் கழற்றி இன்னொரு சிலிண்டரில் மாட்டச் சொல்லுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் காயில் நிரபராதி, வாங்க வேண்டாம்.

*எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு:* நிலையாக எரிந்தால் வண்டியை ஓட்டிப் போய்ச் சீக்கிரம் காட்டுங்கள். மின்னி மின்னி எரிந்தால் அலட்சியம் வேண்டவே வேண்டாம். எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய் அங்கே எரிகிறது; புகையைச் சுத்தம் செய்கிற விலை உயர்ந்த பாகம் அதில் கெட்டுவிடும். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துவதே புத்திசாலித்தனம்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பிளக் இருக்கும். மெக்கானிக் அதில் ஸ்கேனரை மாட்டினால் கோளாறு எண் வரும். அந்த எண்ணை உங்கள் நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: அந்த எண், எந்த வழியில் கோளாறு என்று காட்டும், எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்லாது. சென்சார் என்று எண் வந்தால், சென்சார் கெட்டிருக்கலாம். அதற்குப் போகிற ஒயரை எலியும் கடித்திருக்கலாம். ஒயரைப் பார்த்த பிறகு பாகத்தை மாற்றுவதுதான் முறை.

கொண்டை ஊசியும் ஒரு ஸ்பேனர்தான்!

'இதெல்லாம் பெண்களுக்கு எதற்கு?' என்று யாராவது கேட்டால் இந்தச் சரித்திரத்தைச் சொல்லுங்கள். 1888 ஆகஸ்ட் மாதம், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், தம் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கரக் காரில், அவரிடம் சொல்லாமலே கிளம்பினார். மன்ஹைமிலிருந்து அம்மா வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு. நூறு கிலோமீட்டருக்கு மேல்! உலகத்திலேயே அவ்வளவு தூரம் அதற்கு முன்னால் யாரும் காரில் போனதில்லை. வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பொறிக்குப் போகிற ஒயர் உரசியது. காலுறைப் பட்டியைச் சுற்றிச் சரிபண்ணினார். பார்த்தீர்களா, பெட்ரோலும் பொறியும்! காரின் முதல் நீண்ட பயணத்திலேயே நோய் கண்டுபிடித்து வைத்தியம் பார்த்தது ஒரு தாய்தான்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

இனி நம் கதைக்கு வருவோம். அந்தப் பெண்ணைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதச் சொன்னேன். வண்டி சூடா, ஜில்லா? மழையா, வெயிலா? ஏ.சி. உண்டா? எத்தனை நிமிஷம் ஓடியது? எப்படி நின்றது? எந்த விளக்கு எரிந்தது? மறுபடி எப்போது கிளம்பியது? துணைக்கு என் பையன் முன் சீட்டில் உட்கார்ந்து போனான். பத்து நாளில் பக்கம் நிறைந்துவிட்டது. மூன்றே மூன்று வரிகளைத் தருகிறேன்:

'திங்கள் காலை. காய்கறிக் கடை. 10 நிமிஷம். ஒன்றும் இல்லை.'

'புதன் மாலை. டாக்டர். போகும்போது சரி. வரும்போது பாலத்தில் நின்றது. குலுங்கவில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று. செல்ஃப் நன்றாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. 25 நிமிஷம் கழித்து உடனே பிடித்தது.'

'சனி மதியம். நல்ல வெயில். அதேதான். பின் சீட்டில் உறுமல் கேட்டது. செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் அசையவே இல்லை.'

இப்போது நீங்களே டாக்டராகுங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியது. ஆக, பாட்டரி குற்றவாளி இல்லை. பம்பு உறுமியது, அதன் மேலும் சந்தேகம் குறைகிறது. பிளக்கோ காயிலோ ஒன்று போனால் வண்டி நொண்டும். இப்படி ஒரேயடியாக அணையாது. கிளட்ச்சைத் தப்பாக விட்டிருந்தால் வண்டி உதறிக்கொண்டு நிற்கும், அடுத்த நிமிஷமே கிளம்பும். இருபத்தைந்து நிமிஷம் படுத்துக் கிடக்காது. சூடானால் நிற்கிறது, ஆறினால் கிளம்புகிறது, முள் செத்துக் கிடக்கிறது. அந்த முள் எதை வைத்து ஆடுகிறது? எஞ்சின் சுற்றுவதைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சாரை வைத்துத்தான். அது வாய் மூடிக்கொண்டால், 'எஞ்சின் சுற்றவே இல்லை போலிருக்கிறது' என்று கம்ப்யூட்டர் பெட்ரோலையும் பொறியையும் நிறுத்திவிடும்.

நோட்டை எடுத்துக்கொண்டு பாலக்கரைப் பக்கம் இருக்கிற வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். "டாக்டர் சீட்டு மாதிரி எழுதியிருக்கியேம்மா!" என்று சிரித்தார். ஸ்கேனரை மாட்டினார், அதே சென்சாரின் எண் வந்தது. அதோடு விடவில்லை. ஒயரையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, சென்சாரைக் கழற்றினார்; கட்டை விரல் அளவுதான் இருந்தது. மீட்டரில் வைத்துத் தலைமுடி காயவைக்கிற டிரையரால் சூடு காட்டினார். ஜில்லென்றிருந்தபோது கணக்குச் சரியாகக் காட்டிய மீட்டர், சூடேறியதும் தொடர்பே இல்லை என்றது. உள்ளே இருக்கிற மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து விட்டுப்போகிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. கூலியும் சேர்த்து 1,850 ரூபாய். அதன் பிறகு ஒரு நாளும் வண்டி பாலத்தில் நிற்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் அவள் சொன்னது: "அக்கா, எனக்கு ஓட்டத் தெரியுது, இல்லே?" அதற்குத்தான் அந்தப் பத்து நாளும்.

எப்போதும் விடை இந்தச் சென்சார்தான் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வண்டியின் நோட்டு வேறு விடையைச் சொல்லும்.

நடுரோட்டில் நின்றுவிட்டால்...

ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்தால் ஸ்டீயரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக்கும் ஒன்றிரண்டு தடவைக்குப் பிறகு கல் மாதிரி ஆகிவிடும். விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். வண்டி நிற்கும் வரை சாவியை உருவக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நாலு பக்க விளக்கையும் மின்ன விடுங்கள். குழந்தையை நடைபாதைப் பக்கக் கதவு வழியாக இறக்கிப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். ரயில்வே கேட்டுக்குள் நின்றுவிட்டால் முதல் வேலை எல்லாரும் இறங்கித் தண்டவாளத்தை விட்டு விலகி, கேட் கீப்பருக்குச் சொல்வது. கார் போனால் போகட்டும்.

மெக்கானிக் வரும் வரை குழந்தையைப் பூட்டிய காருக்குள் தனியே விடாதீர்கள். வெயிலில் சில நிமிஷத்திலேயே உள்ளே அடுப்பாகிவிடும். அதேபோல, மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதனை பண்ணக் கூடாது. அந்தப் புகையில் மணமில்லாத விஷவாயு இருக்கிறது.

நீங்கள் கேட்டவை

*கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி: மாதத்துக்கு ஒரு தடவைதான் வண்டியை எடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் ஆகத் தகராறு.*

சும்மா நின்றாலும் கடிகாரம், அலாரம் எல்லாம் பாட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். வாரம் ஒரு முறையாவது அரை மணி ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் உறும விடுவதால் செலவான சார்ஜ்கூடத் திரும்பாது. இன்னொன்று, இப்போது நம் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கிற சரக்கு. மாதக் கணக்கில் டாங்கியில் கிடக்க விடாமல் தீர்த்துப் புதிதாகப் போடுங்கள். பழைய வண்டியானால் ரப்பர்க் குழாய்களையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

*கடலூரிலிருந்து ஒரு வாசகி: போன மழையில் வாசலில் முட்டளவு தண்ணீர். கார் மூழ்கி நின்றது. வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?*

கூடவே கூடாது! காற்று போகிற வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், காற்றை அழுத்துவதுபோல் தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே இரும்புத் தண்டே வளைந்துவிடும். சாவியைத் தொடாமல், பாட்டரியைக் கழற்றச் சொல்லி, இழுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். இன்ஷூரன்ஸ்காரருக்கு அன்றைக்கே தகவல் சொல்லிவிடுங்கள்.

*காரைக்குடியிலிருந்து ஒரு பாட்டி: எங்கள் காலத்தில் வெயிலில் வண்டி நின்றால் ஈரத் துணி போடுவார்களே, இப்போது ஏன் போடுவதில்லை?*

என் அப்பாவும் போட்டவர்தான், பாட்டி! சித்திரை வெயிலில் எஞ்சின்மேல் இருக்கிற பம்பில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். ஈரத் துணியைச் சுற்றினால் ஆறி, திரும்பவும் பெட்ரோலாகும். இப்போது பம்பு டாங்கிக்குள்ளேயே உட்கார்ந்து அழுத்தத்தோடு தள்ளுவதால் அந்தத் தொல்லை அநேகமாகப் போய்விட்டது. புது வண்டி சூட்டில் நின்றால் ஈரத் துணி வேண்டாம், நோட்டுப் புத்தகம்தான் வேண்டும்.

அடுத்த இதழில் பிரேக் கிறீச்சிடுவதைப் பற்றிப் பேசுவோம். அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன், ரேடியோவை அணைத்துவிட்டு, சாவியைப் பாதியில் நிறுத்தி, அந்த 'ஙொய்ங்' சத்தத்தைக் கேட்டு வையுங்கள். ஆரோக்கியமாக இருக்கும்போது குழந்தை எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிந்தவளுக்குத்தானே, நெஞ்சில் இழுப்பு வந்தால் உடனே தெரியும்?